பித்தப்பைக் குழாயும் என் விசாரணையும்

ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்தவன் நான். ஒன்றாக வருகிறவர்களைத் தனித்தனியாக விசாரித்தால் போதும், எங்கே ஏறினார்கள் என்பதிலேயே குட்டு உடைந்துவிடும். அதனால்தான், விலாவுக்குக் கீழே உயிர் போகிற வலியிலும், ஆஸ்பத்திரி அறைக் கதவுக்கு வெளியே டாக்டரும் என் மனைவியும் மகனும் குசுகுசுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

டாக்டர் உள்ளே வந்தார். பித்தப்பை வீங்கிச் சீழ் பிடித்திருக்கிறதாம். வெட்டி எடுக்கலாம் என்றால், என் இதயம் மயக்க மருந்தைத் தாங்காதாம்.

"அந்த இடத்தை மட்டும் மரக்க வெச்சு, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே பித்தப்பைக்குள்ள மெல்லிசா ஒரு குழாய் விடுவோம். சீழ் வெளிய ஒரு பையில வடிஞ்சிடும். ஐயா சம்மதிக்கணும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

கிழவன்தானே, ஒரு குழாயைச் சொருகிவிட்டுக் கைகழுவிவிடலாம் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்தது. காட்டிக்கொள்ளாமல் மகனை மட்டும் கூப்பிட்டேன்.

"குழாய் போதும்னு யாருடா முடிவு பண்ணினது?"

"டாக்டர்தாம்ப்பா."

"ஆபரேஷன்?"

"உடம்பு தேறினதும் பாக்கலாம்னார்."

சொல்லும்போது ஜன்னலைப் பார்த்தான். டிக்கெட் இல்லாதவன் எப்போதும் ஜன்னலைத்தான் பார்ப்பான். அவனை அனுப்பிவிட்டு, மனைவியிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

"நான்தான்" என்றாள்.

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

"கத்தி வெச்சா மேசையிலேயே போயிடலாம்னார் டாக்டர். உங்க பிள்ளை, துணிஞ்சு பாத்துடலாம்னான். நான் முடியவே முடியாதுன்னுட்டேன். உங்ககிட்ட சொல்லாதேன்னதும் நான்தான்."

"பையைத் தொங்கவிட்டுக்கிட்டு எத்தனை நாள் இருக்கணும்?"

"வாரக்கணக்கா இருக்கலாம். அப்புறமும் ஆபரேஷன் முடியுமோ என்னவோ. பையை நான் பாத்துக்கறேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா, ஆபரேஷனே பண்ணுங்கன்னு வீறாப்பா சொல்லியிருப்பீங்க. நீங்க பாட்டுக்குப் போயிட்டா, நான் யார்கூடச் சண்டை போடறது?"

சொல்லிவிட்டு என் போர்வையை இழுத்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. குழாயே போடட்டும், டாக்டரைக் கூப்பிடு என்றேன்.

கதவுவரை போனவள், நான் பேச்சு மாறிவிடுவேனோ என்ற சந்தேகத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள்.