பூஜையில் வைத்த ஸ்பேனர்

இரும்புக்குக்கூட வருஷத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. என் வீட்டுக்காரருக்குத்தான் கிடையாது. ஆயுத பூஜை அன்று மத்தியானம் நான் பொரியில் பொட்டுக்கடலையைக் கலந்துகொண்டிருக்கிறேன், ஆதிகேசவன் சட்டையை மாட்டுகிறார். எனக்குப் பயம் வந்தது. கோபமும் வந்தது. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும்.

"எங்கய்யா கெளம்பிட்ட?"

"கரடிமனைக்கு."

அல்சூரில் எங்கள் தெருக்கோடியில் இருந்த உடற்பயிற்சிக் கூடத்துக்கு அதுதான் பெயர். கன்னடத்துப் பெயர், எங்கள் வாயிலும் அதுவே. அடுத்த வாரம் மைசூர் ஸ்டேட் உடற்கட்டுப் போட்டி. ஜெயித்தால் பாக்டரியில் பர்மனென்ட் வேலை என்று எவரோ ஆபீசர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இந்த மனுஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மார்பு இன்னும் ஏறவேண்டுமாம். பலகையில் மல்லாந்து படுத்து, தட்டு மாட்டிய கம்பியை நெஞ்சுவரை இறக்கித் தூக்குவார். கை தளர்ந்தால் கம்பியைத் தாங்கிப் பிடிக்க, தலைமாட்டில் எப்போதும் அவர் கூட்டாளி நோயல் நிற்பான்.

"நோயல் கோலாருக்குப் போய்க்கீறான். தலமாட்டுல ஆரு நிப்பாங்க?"

"ஆளு இல்லன்னா லாக்கு போடக்கூடாது, அவ்ளோதான். முடியலன்னா ஒரு பக்கம் சாய்ச்சா தட்டு தானா வுழுந்துடும். எத்தினி தபா சொல்லிகீறேன்."

தட்டு நழுவாமல் கம்பியின் இரு முனையிலும் போல்ட்டால் முடுக்கும் வளையம்தான் லாக்கு. ஆயுத பூஜைக்கு மட்டும் அந்தக் கம்பியை வேல்போலச் சுவரில் சாத்தி, மாலை போட்டு, குங்குமம் வைப்பார்கள். நிற்க வைத்தால் தட்டெல்லாம் சரிந்துவிடுமே! அதனால் கரடிமனைக்காரர் வெங்கடசாமி அண்ணன் காலையில் இரண்டு லாக்கையும் ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டு, அந்த ஸ்பேனரையும் ஆஞ்சநேயர் படத்தடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். நானும் அங்கேதான் நின்றேன்.

"லாக்கு முடுக்கிக்கீதே, எப்பிடிக் கழட்டுவ? நாளைக்கி மறுபூஜை முடியாம அந்த ஸ்பேனரத் தொடலாமா?"

"தொடமாட்டேன், சாமி குத்தம். கையாலயே திருகிப்புடுவேன்."

"கம்பியத் தொட்டா குத்தமில்லயா?"

"கம்பி என் தோஸ்து. சும்னே இருடீ, சரசு."

போய்விட்டார். எந்த ஊர் நியாயம் இது! கம்பியை எடுக்கத் துணிந்தவருக்கு ஒரு சாண் ஸ்பேனரை எடுக்கப் பயம். பொரியை வாரிக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடியிருப்பேன், அதற்குள் பக்கத்து வீட்டு ஜோசஃபின் குழந்தையைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போனாள். அவள் திரும்பும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

தெரு முழுக்கப் பூசணிக்காய் உடைத்துக் கிடந்தது. குங்குமம் கரைந்து சாக்கடைவரை சிவப்பாக ஓடியது. வாழைக்கன்று கட்டிய லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன, பம்பைக்காரர்கள் வேறு. என் குரலே எனக்குக் கேட்கவில்லை. உள்ளே இருந்து ஒருத்தர் கத்தினால் யாருக்குக் கேட்கும் என்று நினைத்ததும் நடந்தவள் ஓடினேன்.

கரடிமனைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். முதலில் கால்தான் தெரிந்தது. பலகையின் இரண்டு பக்கமும் தொங்கிக் கிடந்தது, ஆடவில்லை. கம்பி கழுத்தின்மேல் கிடந்தது. காலையில் போட்ட மாலைகூட அதிலேயே இருந்தது. வலது பக்க லாக்கில் குங்குமம் அழிந்து, போல்ட்டில் ரத்தமும் தோலும் ஒட்டியிருந்தன. கையால் திருகிப் பார்த்திருக்கிறார். அது அசையவில்லை. அப்படியும் படுத்துத் தூக்கியிருக்கிறார் பாவி மனுஷன்!

கம்பியைப் பிடித்து இழுத்தேன். அசையவே இல்லை. ஒரு முனையை மட்டும் தோளில் முட்டுக்கொடுத்துப் பார்த்தேன், விரல்கடை ஏறித் திரும்பவும் இறங்கியது. "யாராவது வாங்களேன்!" என்று அலறினேன். பம்பைதான் பதில் சொன்னது.

படத்தடிக்குப் பாய்ந்தேன். கலசம் உருண்டது, விளக்கு கவிழ்ந்தது. ஸ்பேனரை எடுத்துவந்து போல்ட்டில் மாட்டி இரண்டு கையாலும் அழுத்தினேன். அரைச் சுற்று. அவ்வளவுதான். அரைச் சுற்றில் லாக்கு கழன்றது. தட்டுகள் ஒவ்வொன்றாக விழ, கம்பி மறுபக்கம் சாய்ந்து தரையில் போய் மோதியது.

"எழுந்திருய்யா," என்றேன். கன்னத்தில் தட்டினேன். அறைந்தேன். உள்ளங்கை இரண்டும் அவருக்குக் கிழிந்திருந்தன. மூச்சு இல்லை.

சத்தம் கேட்டோ என்னவோ, வெங்கடசாமி அண்ணன் வாசலில் வந்து நின்றார். உருண்ட கலசமும் கொட்டிய எண்ணெயும்தான் அவர் கண்ணில் முதலில் பட்டன. பலகைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"அய்யய்யோ, பூஜையில வெச்ச ஸ்பேனர ஆரு எடுத்தது?"

ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது.

"நான்தாண்ணா எடுத்தேன்," என்றேன். "அவரு எடுக்கல."