அரை மணிக்கு ஒரு சோதனை

இணையத்தில் நடக்கும் கட்டட வரைபட மாலை வகுப்பின் இறுதித் தேர்வையும் இணையத்திலேயே நடத்தப் போவதாக அறிவித்த அன்று வகுப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரும் நகரத்துக்காரர்கள். நான் மட்டும் தட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் சிக்னல் வரும். உட்கார்ந்தால் போய்விடும். அதனால் வகுப்பை நின்றுகொண்டே போனில் பார்த்துவந்தேன்.

விதிகளை நோட்டில் எழுதிக்கொண்டேன். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை ஆறரை மணி. நாற்பது நிமிடம். தேர்வாளர் கேமராவில் பார்த்துக்கொண்டிருக்க, திரையில் ஒரு வீட்டுக்கு வரைபடம் போட வேண்டும். மூடிய அறை, வேறு ஆள் இருக்கக் கூடாது. இன்டர்நெட் சென்டர் போன்ற பொது இடங்கள் கூடாது. இணைப்பு மொத்தம் மூன்று நிமிடத்துக்கு மேல் அறுந்தால் வரவில்லை என்று குறித்துவிடுவார்கள். அடுத்த தேர்வு அடுத்த வருடம். ஒரு கட்டட ஒப்பந்ததாரர் அலுவலகத்தில், தேர்ச்சி பெற்றால் அடுத்த மாதமே வந்து சேரலாம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அங்கே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ஒரு வருடம் வரை எந்த நாற்காலியும் காலியாகக் காத்திருக்காது.

முதலில் கேபிள் கம்பெனியைக் கேட்டேன். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெரு வரை பள்ளம் தோண்டும் செலவை நாங்களே ஏற்க வேண்டும் என்றார்கள். தொகையைக் கேட்டதும் அம்மா, "அதுக்கு நாமளே மெயின் ரோட்டுக்குப் போய்க் குடியிருந்துடலாம்" என்றாள். அப்புறம்தான் குன்றின் மேல் கோபுரம் வைத்திருக்கும் இன்னொரு கம்பெனி கிடைத்தது. வீட்டுக் கூரையில் ஒரு வெள்ளைத் தட்டு வைத்துக் கோபுரத்தைப் பார்த்துத் திருப்பிவிட்டால் போதும். இருப்பதிலேயே மலிவான திட்டத்தைப் பிடித்தோம். மாதம் அறுபது ஜிபி வரை வேகம், அதற்கு மேல் போனால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

"நம்ம வீட்ல யார் படம் பாக்கப் போறா? அறுபதே அதிகம்" என்றாள் அம்மா.

மூன்றாம் தேதி கம்பெனி ஆள் ஏணியோடு வந்தார். அவரை நாங்கள் ஏணி அண்ணன் என்றே கூப்பிட்டோம். ஒரு மணி நேரத்தில் தட்டை மாட்டி, என் போனில் வேகத்தைச் சோதித்து, நாற்பது என்று காட்டினார். அன்று மாலை வகுப்பில் ஆசிரியரின் முகம் ஒரு முறைகூட உறையவில்லை. அவருக்கு மீசை இருப்பது அன்றுதான் எனக்கு உறுதியானது.

பக்கத்து வீடு சித்தப்பாவுடையது. லாரி எடை மேடையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அச்சடித்த சீட்டு இல்லாத எதையும் நம்பமாட்டார். சித்திக்கு வெளிநாட்டில் இருக்கும் பேத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காக ரொம்ப நாளாக இணையம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாப்பதுன்னு அவன் சொன்னான். எப்ப நாப்பது? ஒரு தடவை ஏத்தி எடை பாத்துட்டு லாரியை விட்டுடுவோமா? காலையில எவ்ளோ, மத்தியானம் எவ்ளோ? நீ எழுதி வை. நான் பாத்துட்டு, சரியா இருந்தா வாங்கறேன்" என்றார் சித்தப்பா.

"வாங்கற ஆளைப் பாரு" என்றாள் சித்தி.

எனக்கு அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. தேர்வு ஆறரைக்கு என்றால் ஆறரைக்கு வேகம் எப்படி என்று எனக்கும் தெரிய வேண்டும். கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தேன். காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை, அரை மணிக்கு ஒரு சோதனை. நேரம், வேகம், காற்று, வெயில், வீட்டில் மிக்ஸி ஓடுகிறதா, இவ்வளவுக்கும் தனித்தனிக் கட்டம். நான் பகலில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள் என்பதால் ஒரு சோதனையும் தவறவில்லை. தினமும் சாயங்காலம் சித்தப்பா வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் படிப்பார். "பதினொண்ணரைக்கு ஏன் முப்பத்தெட்டு?" என்பார். நான் குற்றம் செய்தவள் மாதிரி நிற்பேன்.

பதினெட்டாம் தேதி மத்தியானம் ஒன்றரைக்கு வேகம் அரை என்று வந்தது. நாற்பது இல்லை, நாலு இல்லை, அரை. தப்பாகப் பார்த்தேனோ என்று மறுபடி சோதித்தேன். அரை. ஆசிரியர் அன்று மாலை முழுவதும் வாயைத் திறந்தபடி உறைந்திருந்தார்.

என்ன மாறியது என்று பட்டியல் போட்டேன். அன்றைக்கு அம்மா மாடியில் போர்வைகளைக் காயப் போட்டிருந்தாள்.

"அம்மா, ஈரத் துணி அலையைத் தடுக்குமாம். கொஞ்சம் கீழ காயப் போடேன்."

"இருபது வருஷமா அங்கதான் காயுது. அந்தத் தட்டு நேத்து வந்தது. அதைக் கீழ வை."

போர்வையை நானே இறக்கினேன். அரை. மிக்ஸியை நிறுத்தச் சொன்னேன். அரை. காரணம் எந்த நேரத்தில் ஒளிந்திருக்கிறது என்று பிடிக்க, அரை மணிச் சோதனையைக் கால் மணி ஆக்கினேன். நோட்டு தீர்ந்து இரண்டாவது நோட்டு வாங்கினேன். கம்பெனியின் உதவி எண்ணுக்குத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஆறு முறை பேசினேன். ஆறு முறையும் வீட்டுக்குள் வைத்திருந்த இணையப் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

சித்தப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? முதல்ல பதினஞ்சு நாள் நல்ல சரக்கு. அப்புறம் மண்ணைக் கலக்கறான்."

தேர்வுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை மத்தியானம், ஏணி அண்ணன் வந்தார். நான் இரண்டு நோட்டையும் அவர் முன்னால் வைத்தேன். அம்மா, சித்தப்பா, சித்தி மூவரும் சுற்றி நின்றார்கள். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். நாலைந்து பக்கம் புரட்டினார்.

"இதெல்லாம் நீ எழுதினதா? எங்க ஆபீஸ்லயே யாரும் இப்படி எழுத மாட்டாங்கம்மா."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை டெஸ்ட் பண்ணே?"

"முப்பத்துமூணு. இப்ப அறுபத்தஞ்சு."

அவர் நோட்டை மூடினார். "ஒரு டெஸ்ட் எப்படி வேகத்தைப் பாக்குது தெரியுமா? முடிஞ்ச மட்டும் இழுத்துப் பாக்குது. நாப்பதுல ஓடினா ஒரு டெஸ்டுக்கு நூறு எம்பி. முப்பத்துமூணு டெஸ்டுக்கு மூணு ஜிபிக்கு மேல. வகுப்பையும் சேர்த்தா நாலு. பதினஞ்சு நாளுக்கு?"

அறுபது. சித்தப்பாதான் சொன்னார், எடைச் சீட்டைப் படிக்கிற குரலில்.

"ஒருத்தரும் படம் பாக்கலை. இன்டர்நெட் இருக்கா இருக்கான்னு பாத்தே இன்டர்நெட்டைத் தீத்துட்டீங்க" என்றார் ஏணி அண்ணன். "தீரப் போகுதுன்னு மெசேஜ் வந்திருக்குமே?"

இணைப்பு அம்மாவின் எண்ணில் இருந்தது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

"கம்பெனிக்காரன் தினமும் ஏதாவது அனுப்பறான். நான் அப்பப்பவே அழிச்சுடுவேன். போன்ல இடம் அடைக்கும்ல."

கூடுதலாக வாங்க வழியுண்டா என்று கேட்டேன். இந்தத் திட்டத்துக்குக் கிடையாதாம். ஒன்றாம் தேதி தானாகவே சரியாகிவிடுமாம். எனக்கு வேண்டியது மறுநாள். இதே எண்ணில் இன்னொரு இணைப்பும் தர மாட்டார்களாம். "வேற வீடு, வேற பேர்னா இப்பவே மாட்டிடுவேன். வண்டியில ஒரு தட்டு இருக்கு" என்றார். இப்போது எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தோம்.

அவர் என் நோட்டைக் கையில் எடுத்தார். "இதைப் படிச்சவன் எவனாவது வாங்குவானா? பத்து நாளா அரை, அரை, அரை. நீ எழுதினதுதானே?"

நான் எழுதியதுதான். அதில் ஒரு எண்கூடத் தப்பில்லை. அதுதான் பிரச்சினையாக இருந்தது. அந்த இணைப்பைப் பற்றி இதைவிட மோசமான சாட்சியை யாராலும் தயாரித்திருக்க முடியாது.

"சித்தப்பா, தட்டுல கோளாறு இல்ல. கம்பெனி மண்ணைக் கலக்கலை. எல்லாம் என்னாலதான். நான் முட்டாள்தனமா பண்ணிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப மெஷின்ல தப்பில்ல. தப்பு பூராவும் நம்ம பொண்ணுகிட்ட."

"ஆமா சித்தப்பா."

"எழுதித் தருவியா?"

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவருக்குச் சீட்டு கிடைத்துவிட்டது. அதற்குள் சித்தி அவருடைய அடையாள அட்டையோடு வந்து ஏணி அண்ணன் கையில் கொடுத்துவிட்டாள். அதை எங்கே வைத்திருந்தார் என்று சித்தப்பாவுக்கே தெரியாது.

மறுநாள் ஆறே கால் மணிக்குச் சித்தப்பா வீட்டு முன்னறையில் கணினியோடு உட்கார்ந்தேன். அவர் அலமாரிக்குப் பின்னால், கேமராவில் தெரியாதபடி, கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். வேறு ஆள் கூடாது என்று சொன்னேன்.

"ஆள்தானே கூடாது? நான் வீட்டுக்காரன். இணைப்பு என் பேர்ல இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அதற்கு மேல் எதிர்த்துப் பேச எனக்கு வரவில்லை. எனக்கு எப்போதும் வராது.

தேர்வாளர் திரையில் வந்தார். வடக்கில் தெரு, முப்பதுக்கு நாற்பது அடி மனை, இரண்டு படுக்கையறை, வீட்டுக்குள்ளேயே மாடிப்படி. நான் சுவர்களைப் போட்டேன். கதவுகளைப் போட்டேன். படம் தெளிவாக இருந்தது, குரல் தெளிவாக இருந்தது. பதினைந்தாவது நிமிடம் மாடிப்படியைப் போட்டேன்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கிசுகிசுப்பு. "அங்க வேணாம்மா. மேல உத்திரம் வருது. தலை இடிக்கும்."

தேர்வாளர் நிமிர்ந்தார். "அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அலமாரிக்குப் பின்னால் சித்தப்பா தும்மினார்.

"இருக்கிறார். என் சித்தப்பா."

"வெளியே அனுப்புங்கள். இன்னொரு முறை அந்தக் குரல் கேட்டால் தேர்வு ரத்து."

சித்தப்பா எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, கேமராவைப் பார்த்து, "சார், வீடு என்னோடது. இணைப்பு நேத்துதான் எடுத்தேன்" என்றார்.

ஒப்பந்ததாரர் அலுவலகத்து நாற்காலி கண் முன்னால் வந்தது. அதில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"சித்தப்பா, எழுந்து வெளிய போங்க."

அவர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். ஆனால் போனார். "இதோடு விடுகிறேன். கதவைத் தாழ் போடுங்கள்" என்றார் தேர்வாளர். நான் தாழ் போட்டேன். சித்தப்பா வீட்டுக் கதவை.

திரும்பி வந்து மாடிப்படியை அளந்தேன். அவர் சொன்னது சரி. ஏழாவது படியில் ஏறுகிறவன் தலை உத்திரத்தில் இடிக்கும். மாற்றினால் வெளி உதவி. மாற்றாவிட்டால் இடி. நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், அவர் சொன்னது சரிதான். இப்ப நான் மாத்தினா அது அவர் செஞ்ச உதவி. மாத்தலைன்னா தலை இடிக்கும். என்ன பண்றது?"

தேர்வாளர் அசையவில்லை. உறைந்துவிட்டதோ என்று பயந்தேன். பெட்டியில் பச்சை விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. பிறகு அவர் கன்னத்தைச் சொறிந்தார்.

"ஒரு வீட்டில் யாருக்கும் தலை இடிக்கக் கூடாது. மாற்றுங்கள். மாடிப்படிக்கு மதிப்பெண் தரமாட்டேன்."

மாற்றினேன். ஏழு பத்துக்குத் திரையில் வந்தது: வருகை உண்டு, இணைப்பு அறுந்த நேரம் பூஜ்யம்.

கதவைத் திறந்தேன். சித்தப்பா வாசலில் செருப்பில்லாமல் நின்றிருந்தார். அன்று இரவு பேசவேயில்லை. அடுத்த நாளும் பேசவில்லை.

திங்கள்கிழமை முடிவு வந்தது. அறுபத்திரண்டு. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. ஒப்பந்ததாரர் அலுவலகத்துக்குப் போன் பண்ணினேன். வரச் சொன்னார்கள். அதன் பிறகு ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். சித்தி கூடத்தில் பேத்தியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"மாடிப்படிக்கு எவ்ளோ போட்டான்?" என்றார் சித்தப்பா. மூன்று நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை.

"பூஜ்யம்."

"நான் சொன்ன மாதிரிதானே மாத்தினே?"

"ஆமா சித்தப்பா. அதனாலதான் பூஜ்யம்."

அவர் சித்தியின் கையிலிருந்து போனை வாங்கினார். திரையில் பேத்தி, "தாத்தா" என்றாள்.

"இரும்மா, தாத்தாவுக்கு ஒரு வேலை இருக்கு" என்றவர் என்னிடம் திரும்பி, "அந்த சார் நம்பரைக் கொடு. முகத்தைப் பாத்துப் பேசணும்" என்றார்.

நான் கொடுக்கவில்லை. முடியாது என்று சொன்னேன். அவரை எதிர்த்து இரண்டாவது தடவை பேசுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை.