மாதா முகம் வரைந்த முன்பாய்

ஆவூர் ஜெஸ்வின் கோட்டைப்பட்டினத்தில் பாய்மரப் படகொன்று வைத்திருந்தான். அதன் முன்பக்கம் கட்டும் முன்பாய் புதிதாக வேண்டியிருந்தது. பாய் தைக்கும் கடையில் பெரியதொன்றும் சிறியதொன்றும் விரித்துக் காட்டினார்கள்.

"பெருசு நல்லா இழுக்கும். காத்து கூடுனா பாதி சுருட்டிக்கங்க," என்றார் கடைக்காரர்.

கிழிந்துபோன பழைய பாயும் அப்படிச் சுருட்டுகிற பாய்தான். அவன் மனைவி பாத்திமா மேரி அதில் மாதாவின் முகத்தை வரைந்திருந்தாள். போன மாதம் காற்று திடீரென்று ஏறியபோது ஜெஸ்வின் அதைச் சுருட்டவில்லை. பாய் கிழிந்தது. அறுந்து வீசிய கயிறு, படகில் கூட இருந்த அவள் வலது கை விரல்களை உடைத்தது. மாதா முகத்தைச் சுருட்ட மனசு வரவில்லை என்று அவளிடம் சொல்லியிருந்தான். பக்கத்தில் வந்த படகை முந்தும் வெறியில் இருந்தான் என்பதுதான் உண்மை.

"பெருசையே எடுங்க," என்றாள் கடைக்குக் கூட வந்திருந்த பாத்திமா மேரி. "இந்தத் தடவ பின் ஓரமா வரையுறேன். பாதி சுருட்டுனாலும் முகம் மறையாது. ஒங்களுக்கும் சங்கடம் இல்ல."

"ஒனக்கு வெரலே மடங்கலயே."

"எடது கை எதுக்கு இருக்கு? மூக்கு கோணுனா மாதா கோச்சுக்க மாட்டாங்க."

கடைக்காரர் சிரித்தார். ஜெஸ்வின் பெரிய பாயைத் தள்ளிவைத்தான்.

"சின்னதக் குடுங்கண்ணே. படம் வேணாம்."

அவள் முகம் சுருங்கியது. "நான் வரஞ்சதாலதான் இம்புட்டும்னு நெனைக்கிறீங்களா?"

"இல்ல. அன்னிக்கு எனக்கு மாதா ஞாபகமே இல்ல. அந்தப் படக முந்தப் பாத்தேன்."

அவள் கட்டுப்போட்ட கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சின்னதையே மடிச்சுக் குடுங்கண்ணே," என்று கடைக்காரரிடம் சொன்னாள்.