லன்ச் சீற் பிடித்தவள்

என் கணவர் தயாபரனுக்கு நாற்பத்தாறு வயதில் பூச்சிப் பைத்தியம் பிடித்தது. பேய் பிடித்திருந்தால் வற்றாப்பளை அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்திருக்கலாம். பூச்சிக்கு எந்தக் கோயிலில் நேர்வது?

அவருக்குக் கிளிநொச்சியில் கந்தோரில் மேசை வேலை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளையும் எங்கள் இரண்டு ஏக்கரைப் பார்ப்பது நான்தான். வருடச் சோறும் அடுத்த போகத்து விதைநெல்லும் அதற்குள்தான் இருக்கின்றன. அவர் அறுவடை அன்று தொப்பி போட்டுக்கொண்டு வருவார்.

பழைய கமரா ஒன்றை எங்கேயோ வாங்கி, லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். அப்படி மாட்டினால் சின்னப் பூச்சியும் பெரிதாகத் தெரியுமாம். முதல் மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. தும்பி என்று காட்டிய படத்தில் தும்பி பறந்துபோன இடம்தான் இருந்தது. சிலந்தி என்று காட்டியது சிலந்தியா, குசினி அடுப்புக் கரியா என்று அவருக்கே சந்தேகம். "நல்லாக் கிடக்கு" என்றேன். புருசன் மனம் நோகக் கூடாதென்று சொன்ன பொய். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு வேண்டும்தான்.

மனுசன் விடாமல் பழகினார். விடியற்காலைப் பனியில் பூச்சிகள் விறைத்துப்போய் அசையாமல் இருக்கும் என்று கண்டுபிடித்தார். கமராவை ஒரு தடியில் ஊன்றி, மூச்சை அடக்கி, மயிரிழை மயிரிழையாக முன்னே நகர்ந்து, ஒரே பூச்சியை நாற்பது தரம் எடுத்தார். பிளாஷ் வெளிச்சம் சுள்ளென்று விழாமலிருக்க இடையில் வெள்ளையாக ஏதாவது பிடிக்க வேண்டும். சோற்றுப் பார்சல் சுற்றும் மெல்லிய பிளாஸ்ரிக் லன்ச் சீற் அதற்கு நல்ல பொருத்தம். பிடிப்பதற்கு நான்.

மார்கழியில் எங்கள் வயல் வரம்பிலேயே குப்புறப் படுத்தார். பயிர் கதிரை உள்ளே வைத்துப் புடைக்கும் குடலைப் பருவத்துக்கு வரும் அந்த நாட்களில், கிழமைக்கு ஒருக்கால் வயலுக்குள் இறங்கி, பயிரின் அடியைத் தட்டி, தண்ணீரில் என்ன விழுகிறது என்று பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்தமுறை அவர் என்னைக் கால் வைக்க விடவில்லை.

"ஞானம், இறங்காதையும்! தண்ணி ஆடினா எல்லாம் பறந்திடும்."

"அப்ப வயலை ஆர் பாக்கிறது?"

"நான் பாக்கிறன்தானே, இவ்வளவு கிட்டத்தில."

உண்மைதான். அவரளவு கிட்டத்தில் வயலைப் பார்த்த மனிதர் வன்னியிலேயே கிடையாது.

அன்றைக்குத்தான் அந்தப் படம் விழுந்தது. நெல்தண்டில் ஒரு பூச்சி. நரம்பு நரம்பாகக் கண்ணாடிச் சிறகு, மாதுளம் முத்துப்போலக் கண். "சரியான வடிவு" என்றேன், இந்தமுறை மனதார. முகநூலில் போட்டார். இருநூற்றுப் பதினேழு லைக் விழுந்தது; முதலாவது என்னுடையது. நாற்பது வருடமாக நெல் விதைக்கும் பக்கத்து வயல் செல்வநாயகம் அண்ணை, "இது எந்த நாட்டுப் பூச்சி தம்பி?" என்று கேட்டு எழுதினார். கமக்காரர் சங்கத்துத் தலைவர் கைதட்டல் மூன்று போட்டார்.

மூன்று கிழமையில் வயலின் நடுவில் வட்டமாக ஒரு பழுப்பு விழுந்தது. பாயளவில் தொடங்கி, நாலு நாளில் வீட்டளவு ஆயிற்று. அவர் கத்தக் கத்த நான் இறங்கிப் பயிரைத் தட்டினேன். தண்ணீரின்மேல் தவிடு கொட்டினதுபோல விழுந்தது. அறக்கொட்டி! அடித்தண்டில் இருந்து சாற்றைக் குடித்து வயலையே எரித்துவிடும் சனியன். தவிட்டளவில் கண்டால் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும்.

அப்போதுதான் எனக்கு ஏதோ தட்டியது. அவருடைய போனை வாங்கி, அந்தப் படத்தை வரம்பில் வைத்துவிட்டு, பத்தடி எட்டி நின்று பார்த்தேன். தவிட்டளவுக்கு வந்ததும் ஆளைத் தெரிந்தது.

விவசாயப் போதனாசிரியர் சுதாஜினி வந்து வயலைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒண்டரை ஏக்கர் முடிஞ்சுது அக்கா. மூண்டு கிழமைக்கு முதல் கண்டிருந்தா தண்ணியை வடிச்சு விட்டே காப்பாத்தியிருக்கலாம். ஒருத்தரும் காணேல்லையோ?"

நான் தயாபரனைப் பார்த்தேன். தயாபரன் வரம்பைப் பார்த்தார். செல்வநாயகம் அண்ணை வானத்தைப் பார்த்தார். அவருடைய வயலிலும் ஒரு வட்டம் விழுந்திருந்தது.

"இருநூற்றுப் பதினேழு பேர் கண்டவை, பிள்ளை" என்று போனை நீட்டினேன்.

சுதாஜினி விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். "கடவுளே, இவ்வளவு தெளிவான படம் எங்களிட்டையும் இல்லை. கமக்காரருக்கு எச்சரிக்கைத் துண்டுப்பிரசுரம் ஒண்டு அடிக்கப்போறம். இதைப் போடலாமோ?"

கருகின வயலுக்கு நடுவில் நின்ற தயாபரனின் முகம் மலர்ந்தது.

"என்ர பேர் போடுவியளோ?"

வருடச் சோறு கண்முன்னே கருகிக் கிடக்கிறது, இந்த மனுசனுக்குப் பெயர் வேண்டுமாம். ஆனால் வடிவென்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு யாரைப் பேசுவது?

"என்ர பேரையும் போடுங்கோ, பிள்ளை" என்றேன். "லன்ச் சீற் பிடிச்சது நான்தான்."