பாடாமல் விட்ட மங்களம்

2003 கார்த்திகையில், புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், பியோர்ண்டால் மண்டபம் ஒன்றில் பிலேந்திரன் சூடிய அட்டைக் கிரீடம் நாலு வருடம் கழலவில்லை. தமையன் அருட்செல்வத்தின் வலக்கையில் மரவாளும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அன்று ஆடியது கிரேக்கத்துத் தீப்ஸ் நகர அரச சகோதரர் கூத்து. ஆளுக்கொரு வருடம் ஆள்வதாகப் பேச்சு. முறை முடிந்தும் தம்பி இறங்கமாட்டான். கடைசியில் ஒருவர் வாளில் மற்றவர் சாவார்கள். அண்ணன் வாளை உருவிய கட்டத்தில் ஐந்து மணியாகிவிட, மண்டபப் பொறுப்பாளர் விளக்கை அணைத்தார். சண்டையும் இல்லை, மங்களமும் இல்லை.

வைத்தியர் களிம்பு கொடுத்தார். நலன்புரி அலுவலகம், இது வேலையில் வந்த காயமல்ல என்று எழுதியது. பிலேந்திரன் கிரீடத்தோடு திறாம் ஓட்டினான். பயணிகள் மரியாதையாக வெளியே பார்த்தார்கள். அருட்செல்வம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரத்துணிகளை வாளால் கிளப்பினான். முதல் மாதம் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருநாள், "என்ரை முறை வந்திட்டுது, அவன் கழற்றிறான் இல்லை" என்றான் அருட்செல்வம், சோற்றைப் பார்த்தபடி. அவன் மனைவி மரியகொறற்றி குழம்புச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். அடுத்த நாள் காலை அந்த வாள் பாண் ரொட்டியை வெட்டியது, மரம் இரும்பாகியிருந்தது. பிலேந்திரன் குடும்பத்தோடு பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்குக்குக் குடிபோனான். மூன்றரை வருடம் சகோதரர்கள் கதைக்கவில்லை.

2007இல் பிலேந்திரன் மரியகொறற்றிக்குத் தொலைபேசி எடுத்தான். "மச்சாள், எங்கடை பிள்ளையின்ரை ஞானஸ்நானத்துக்கு நீங்கள்தான் ஞானத்தாய். அண்ணையை மட்டும் கூட்டிக்கொண்டு வராதேங்கோ."

"கூட்டிக்கொண்டுதான் வருவன். மங்களம் பாடேல்லைத் தம்பி, அதுதான் கூத்து முடியேல்லை."

"அதுக்கு முன்னம் சண்டைக் கட்டம் கிடக்கு."

"அதை நான் விட்டிட்டுப் பாடுறன். ஐஞ்சு மணிக்கு மண்டபக்காரன் நிப்பாட்டேக்கை ஆர் கேட்டது?"

ஞானஸ்நானம் முடிந்து விருந்துக்கு இருந்தபோது வாள் தானாக எழுந்து பிலேந்திரனின் கழுத்துக்கு நேரே நின்றது. அருட்செல்வம் இடக்கையால் அதைப் பின்னுக்கு இழுத்தான், முடியவில்லை. மரியகொறற்றி பிள்ளையை அணைத்தபடி இருவருக்கும் நடுவில் போய் நின்று, சுருதி சேராமல் மங்களம் பாடினாள். மங்களத்துக்கு எழுவது வழக்கமாதலால் சபை எழுந்தது, கூடப் பாடியது. வாள் கீழே விழுந்தது. மரம் விழுந்த சத்தம்தான்.

பிலேந்திரன் கிரீடத்தைத் தூக்கினான், வந்துவிட்டது. "இந்தாங்கோ அண்ணை, உங்கடை வருசம்."

"காது குளிருமோடா?"

"விறைக்கும். இதுக்கு மேலை தொப்பி போடேலாது."

அருட்செல்வம் சூடினான். ஒட்டிக்கொண்டது. அடுத்த வருடம் ஞானஸ்நானம் நடந்த அதே நாளில் தானாகக் கழன்றது. தம்பி வந்து வாங்கிக்கொண்டு போனான். மரியகொறற்றி கம்பளியில் காதுமூடி பின்னியிருக்கிறாள். ஒரு சோடிதான். கிரீடம் போகும் வீட்டுக்கு அதுவும் போகும்.