இரண்டு விசிலுக்கு ஓர் அடி

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கிற வெற்றிச்செல்வியின் பாத்திரக்கடையில் மூடியை மட்டும் தனியாக விற்கிற வழக்கம் கிடையாது. யாராவது வந்து கேட்டால், "சட்டி எங்கங்க?" என்று திருப்பிக் கேட்பாள். வந்தவர் கடைசியில் ஒரு சட்டியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார். ஆனால் அன்று சாயங்காலம் சத்யப்பிரியா வந்து, ஒரே அளவில் இரண்டு பித்தளை மூடி வேண்டும் என்றபோது அவள் சட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சத்யப்பிரியா இப்போது டீச்சர். குரும்பலூர்ப் பக்கம், இருவரும் ஒன்றாகப் படித்த அதே பள்ளிக்கூடத்தில்தான் வேலை.

"நம்ம பேண்டு செட்டு ஜால்ரா வெடிச்சுப்போச்சுடி. புதுசு வர்ற வரைக்கும் புள்ளைங்க எதையாச்சும் தட்டணுமில்ல?"

"நம்ம ஜால்ராவா?"

"அதேதான்."

வெற்றிச்செல்வி கடைப் பையனைக் கூப்பிடாமல் தானே ஸ்டூலைப் போட்டுப் பரணுக்கு ஏறினாள். ஏறி முடிப்பதற்குள் அவள் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

அந்த பேண்டு செட் பள்ளிக்கூடத்துக்கு வந்ததே ஒரு வேடிக்கை. டவுனில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று புதுசு வாங்கிக்கொண்டு பழசை இவர்கள் தலையில் கட்டியிருந்தது. கூடவே ஒரு தேய்ந்த கேசட். வாத்தியம் கம்மி, பிள்ளைகள் அதிகம். பி.டி. வாத்தியார் சாமிக்கண்ணு சாருக்கு லெப்ட் ரைட் தெரியும், சங்கீதம் தெரியாது. ஆளின் அளவைப் பார்த்துக் கொடுத்தார். பெரிய டிரம் விக்கிக்குப் போனது. அதைத் தாங்குகிற வயிறு அவன் ஒருத்தனுக்குத்தான் இருந்தது. ஜால்ரா சத்யப்பிரியாவுக்கு. வெற்றிச்செல்விக்கு முக்கோணக் கம்பி. எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் பக்கத்தில் மேய்கிற ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது.

சார் அந்தப் பக்கம் போனதும் மைதானம் சந்தையாகிவிட்டது. புல்லாங்குழல் சைடு டிரம்மாக மாறியது, மேல்தொகையாக ஒரு கொய்யாக்காய் கை மாறியது. வெற்றிச்செல்வியின் அப்பா சந்தை சந்தையாகப் பாத்திரம் கொண்டுபோகிறவர். வேண்டிய பொருளை நேராகப் பார்க்கக் கூடாது என்பது அவரிடமிருந்து அவள் பார்த்துக் கற்றது. அதனால் ஜால்ராவை விட்டுவிட்டு சத்யப்பிரியாவின் விரல்களைப் பார்த்தாள்.

"என்னடி விரலு இப்படிச் செவந்து கெடக்கு?"

"கனமா இருக்குடி."

"அய்யோ பாவம். இந்தக் கம்பியப் பாரு, பூவாட்டம் இருக்கு. வேணா நீ வச்சுக்கயேன்."

"பூவாட்டம் இருந்தா நீயே தலையில வச்சுக்க வேண்டியதுதான?"

சத்யப்பிரியாவின் அம்மா காய்கறி வியாபாரம். அவளும் லேசில் விழுகிற ஆள் இல்லை. மணி அடிக்கும்வரை பேரம் நடந்தது. வகுப்பில் ஜன்னலோர இடம் போனது. ஜெயங்கொண்டத்து மாமா கொடுத்தனுப்பிய முந்திரிப் பொட்டலம் போனது. வாசனை ரப்பரும் போனது. அதற்கப்புறமும் சத்யப்பிரியா ஜால்ராத் தட்டைக் கையிலிருந்து விடாமல், ஒரு கொக்கியைப் போட்டாள்.

"ஒரு அடி தப்பா விழுந்துச்சுன்னா தட்டு எனக்கே திரும்ப வந்துரணும். நீ குடுத்தது குடுத்ததுதான்."

"ஒரு அடிக்கேவா?"

"ஒரே ஒரு அடி."

வெற்றிச்செல்வி தலையாட்டிவிட்டாள். அவள் அவசரத்தில் முடித்த வியாபாரம் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

பிறகு எல்லாரும் கேசட்டைச் சுற்றி உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். குழல்காரர்கள் ஊதத் தெரியாமல் தலை சுற்றி விழுந்தார்கள். விக்கி டிரம்மை அடிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ஒருவர் தப்பு செய்தால் மற்றவர்கள் எல்லாம் "ஓ" போடுவார்கள். அப்படி இருந்த கும்பல் ஒருநாள் காலையில் எப்படியோ ஒன்றுகூடி, ஒரே ஆள் வாசிப்பதுபோல ஒரு வரியை வாசித்துவிட்டது. வாசித்த பிள்ளைகளே பயந்துபோய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேல் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து தொங்கினார்கள். பிற்காலத்தில் கடைத்திறப்பு, கல்யாணம் என்று எத்தனையோ மேளதாளம் கேட்டுவிட்டாள் வெற்றிச்செல்வி. அந்த ஒரு வரிக்குச் சமமாக எதையும் அவள் ஒத்துக்கொள்வதில்லை.

தினமும் வாசித்துப் பழகுவதற்கு ஒரு முறை இருந்தது. சாருக்குச் சாப்பாடு டவுனிலிருந்து பஸ்ஸில் வரும். அவர் அம்மா கட்டிக் கொடுக்கிற தூக்குச் சட்டியைக் கண்டக்டர் பள்ளிக்கூட கேட்டில் இறக்கித் தருவார். ஏரிக்கரை வளைவில் பஸ்ஸின் நெற்றி தெரிந்ததும் சார் கையைத் தூக்குவார், பேண்டு ஆரம்பிக்கும். முதல் பாதி முடியவும் பஸ் கேட்டுக்கு வரவும் சரியாக இருக்கும். எல்லாரும் நிறுத்துவார்கள். சார் போய்த் தூக்கை வாங்குவார். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்து, "போலாம் ரைட்!" என்பார். அந்த நொடியில் வெற்றிச்செல்வி ஜால்ராவை ஓங்கி ஒரு அடி அடிப்பாள். அதிலிருந்து இரண்டாம் பாதி கிளம்பும். மாதக்கணக்கில் இப்படியே போனது. இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு பஸ் இருக்கிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

குடியரசு தினத்துக்கு இவர்களைப் பெரம்பலூர் மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். வெள்ளைச் சட்டை, சிவப்பு நாடா. பின்னால் அணிவகுப்புப் பிள்ளைகள். மேடையில் பெரிய மனிதர்கள். சார் கையைத் தூக்கினார். முதல் பாதி பிசிறில்லாமல் போய் முடிந்தது.

முடிந்ததும் பேண்டு நின்றது.

மைதானத்தில் பஸ் இல்லை. இடது காலைத் தூக்கிய பிள்ளைகள் அதைத் தூக்கினபடியே நின்றார்கள். மேடையில் சல்யூட் வைத்தவரின் கை நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டது. குழல்காரர்கள் குழலை உதட்டில் வைத்துக் காத்திருந்தார்கள். சாமிக்கண்ணு சார் பழக்கதோஷத்தில் ஓரமாக நாலடி நடந்து, தூக்கு வாங்குகிறவர்போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அடிடி!" என்று விக்கி பல்லைக் கடித்தான்.

"விசில் வரலையேடா!"

அடுத்த வரிசையில் முக்கோணக் கம்பியோடு நின்ற சத்யப்பிரியா இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் இல்லாமல் அடித்தால் தப்பான அடி. அடிக்காமல் விட்டாலும் தப்பு. எப்படிப் போனாலும் தட்டு கைவிட்டுப் போகும். வெற்றிச்செல்வி தட்டின் தோல்வாரை இறுக்கிப் பிடித்தாள். ஜன்னலோரம், முந்திரி, வாசனை ரப்பர் எல்லாம் கண்முன் வந்து போயின. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

"போலாம் ரைட்ட்ட்!"

ஜால்ரா ஒலித்தது. இரண்டாம் பாதி பாய்ந்து கிளம்பியது. தூக்கிய கால்கள் ஒன்றாகத் தரையில் விழுந்தன. சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி மைதானத்தையே சுற்றி வந்தது. மேடைக்காரரின் சல்யூட்டும் சிரிப்பில் குலுங்கியது.

திரும்பி வருகிற வண்டியில் சத்யப்பிரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"எடு தட்ட."

"எதுக்கு?"

"ஊரே சிரிச்சுதுல்ல?"

"அடி எப்படி விழுந்துச்சு?"

"அடி சரியாத்தான் விழுந்துச்சு."

"வாய்தான தப்பு? நம்ம பேச்சுல வாயப் பத்தி ஏதாச்சும் இருந்துச்சா?"

சத்யப்பிரியா தான் போட்ட கொக்கியை வார்த்தை வார்த்தையாகச் சொல்லிப் பார்த்தாள். ஓட்டை எங்கும் கிடைக்கவில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "பாத்திரக்காரர் மவ பாத்திரக்காரர் மவதான்" என்றாள். பொட்டலத்தில் இத்தனை மாதம் பொத்தி வைத்திருந்த முந்திரியில் பாதியை எடுத்து இவளுக்கே கொடுத்தாள்.

பரணிலிருந்து இறங்கிய வெற்றிச்செல்வி தூசியைத் துடைத்து இரண்டு மூடிகளையும் தோழியின் கையில் கொடுத்தாள்.

"புள்ளைங்க இப்பவும் நடுவுல நிறுத்துதா?"

"எங்க நிறுத்துது! பஸ்ஸு இப்ப பைபாஸ்ல போயிருது. கடகடன்னு வாசிச்சு முடிச்சிருதுங்க. கேக்கும்போது எனக்குத்தான் நடுவுல மூச்சு முட்டுது."

"வெலய பத்திப் பேசாத. எடுத்துட்டுப் போ."

"பாத்திரக்காரர் மவ சும்மா குடுக்குறாளா? இதுல என்ன கொக்கி வச்சிருக்க?"

"நீ வச்ச கொக்கிதான். ஒரு அடி தப்பா விழுந்தா தட்டு எனக்கு."

சத்யப்பிரியா சிரித்துக்கொண்டே குமிழைப் பிடித்து மூடிகளைக் கையில் எடை பார்த்தாள். அப்போது கடைக்கு எதிரே ஒரு டவுன் பஸ் வந்து கொஞ்சம் மெதுவானது. கண்டக்டரின் விசில் கேட்டது. அவ்வளவுதான், சத்யப்பிரியாவின் இரண்டு கைகளும் தானாக விரிந்து, மூடிகள் ஓங்கி மோதிக்கொண்டன. அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் அதிர்ந்தன. தெருவில் போனவர்கள் நின்று திரும்பினார்கள். பஸ் நின்று, ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

வெற்றிச்செல்வி கல்லாவைச் சுற்றிக்கொண்டு நிதானமாக வந்து கையை நீட்டினாள்.

"அது ஒத்த விசிலுடி. நிக்கிறதுக்கு அடிச்சது. எடு தட்ட."