கதவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி

அந்த வரிசை வீடுகளில் அவளைப் பல்செட்டுக்காரி என்றுதான் சொல்வார்கள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்வது அவள் வேலை. எந்த வாய்க்கு எந்த நிறப் பல் பொருந்தும் என்பதில் அவள் கண்ணை யாரும் ஏமாற்ற முடியாது. அவளுக்கும் பேக்கரியில் வேலை பார்க்கும் அவள் கணவனுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் அந்த வீட்டில் பேச்சுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. கை ஓய்ந்தால்தானே பேச்சு ஓயும்!

வாசலில் மணியை அழுத்தினால் கூடத்தில் ஒரு விளக்கு மினுங்கும். அவள் போய்க் கதவைத் திறப்பாள். அப்படித் திறந்த ஒரு மாலையில், குடித்துவிட்டு வீடு மாறி வந்த ஒருவன் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் காலை உள்ளே வைத்துவிட்டான். அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து, தனியாக இருக்கும்போது விளக்கு மினுங்கினால் அவள் எழுந்திருப்பதே இல்லை. பார்சல்கள் திரும்பிப் போயின. ஒருநாள் போனை மறந்துவிட்டு வந்த மாமியார், கொட்டும் மழையில் மணியை அழுத்தி அழுத்தி, மகன் வேலையிலிருந்து வரும்வரை வாசலிலேயே நின்றாள்.

உள்ளே வந்ததும் மாமியார் தலையைக்கூடத் துவட்டவில்லை. “பயந்துக்கிட்டு எத்தனை நாளைக்கு இருப்பே? யார் வந்திருக்காங்கன்னு தெரியற மாதிரி ஏதாவது பண்ணு,” என்று ஈரக் கையாலேயே சொன்னாள்.

புருஷனும் பெண்டாட்டியும் அன்று இரவே முடிவு செய்தார்கள். கதவை ஒட்டிய சுவரை உடைத்து, இரண்டு சாண் அகலத்தில் ஆள் உயரத்துக்குக் கனத்த கண்ணாடி ஒன்று பதிப்பது. அடித்தாலும் சிதறாத கண்ணாடி. சட்டத்துக்குக் கதவின் நிறமே.

வீட்டின் முகப்பில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி வேண்டும். படம் வரைந்து கொடுத்தாள். ‘எல்லா வீட்டு முகப்பும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்; அனுமதிக்க இயலாது’ என்று பதில் வந்தது. மனக்குறை இருந்தால் பொதுக்கூட்டத்தில் சொல்லலாமாம்.

செய்தி கேட்டு அவள் அண்ணன் வந்தான். காப்பீடு விற்பவன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அவனே சாட்சி. தங்கையோடு வளர்ந்ததால் அவனுக்குக் கைப்பேச்சும் வாய்ப்பேச்சைப்போல் சரளம்.

“கூட்டத்தை நான் பாத்துக்கறேன். நீ சும்மா என் பக்கத்துல உக்காரு. கல்லையும் கரைச்சுக் காட்டறேன்,” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தின் அறை நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் சிலர் சன்னல் ஓரம் நின்றார்கள். மேசைக்குப் பின்னால் தலைவர். மேலுதட்டை முழுக்க மூடிய மீசை. பக்கத்தில் செயலாளர் அம்மா, குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

அண்ணன் எழுந்து பேசத் தொடங்கினான். பல்செட்டுக்காரிக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. அதனால் சபையின் முகங்களைப் பார்த்தாள். முன்வரிசைப் பெண் முந்தானையால் கண்ணை ஒற்றினாள். ஒரு பெரியவர் தலையை ஆட்டியபடி உதட்டைக் குவித்தார். அந்த உதட்டுக் குவிப்பை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ‘உச்சு’க் கொட்டும் வாய் அது.

சட்டையைப் பிடித்து அண்ணனைத் திருப்பினாள். “என்ன சொன்னே?”

“வாயில்லா ஜீவன், கொஞ்சம் மனசு வைங்கன்னு…” அவன் கை பாதியில் தயங்கியது.

“எனக்கா வாயில்லை? இந்த ஊர்ல பாதி வாய் நான் செஞ்சு குடுத்தது!” அவள் எழுந்து நின்றாள். “இனிமே நீ குழாய் மட்டும். தண்ணி நான் விடறேன். நான் சொல்றதுல ஒரு சொட்டு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.”

அண்ணன் சபையைப் பார்த்து அசடு வழியச் சிரித்தான். “மன்னிச்சுக்குங்க. இனிமே என் தங்கச்சி பேசுவா. குரல்தான் என்னோடது,” என்று சொல்லிவிட்டு, அவள் எதிரே வந்து நின்றான்.

அவள் கைகள் நிதானமாகத் தொடங்கின. அண்ணனின் குரல் பின்தொடர்ந்தது.

“உங்க வீட்டு மணி அடிச்சா, கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க? ‘யாரு?’ன்னு கேப்பீங்க. எனக்கும் அதே ‘யாரு?’ கேக்கணும். அவ்வளவுதான். உங்க ‘யாரு?’ கதவுப் பலகைக்குள்ள புகுந்து போகும். என்னோடது கண்ணாடிக்குள்ளதான் போகும்.”

 தலைவர் அண்ணனைப் பார்த்து ஏதோ சொன்னார்.

“என்னைப் பாத்துச் சொல்லுங்க,” என்றாள் அவள். “பாத்தாலும் கஷ்டம்தான். உங்க மீசை பாதி வார்த்தையைத் தின்னுடுது.”

இதைச் சொல்வதற்குள் அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. சபை கொல்லென்று சிரித்தது. தலைவரும் சிரிப்பை அடக்க முடியாமல் மீசையை ஒதுக்கிக்கொண்டு, இந்த முறை அவளையே பார்த்துக் கேட்டார்: “கேமரா ஒண்ணு மாட்டிக்கலாமேம்மா?”

“கேமராவில நான் அவங்களைப் பாப்பேன். அவங்க என்னைப் பாக்க மாட்டாங்களே. கதவுல இருக்கற குட்டி லென்ஸும் அப்படித்தான், வந்தவங்க மூக்கு மட்டும் பூசணிக்காய் மாதிரி தெரியும். எங்க பேச்சுக்கு ரெண்டு பக்கமும் கண்ணு வேணும்.”

சன்னல் ஓரத்திலிருந்து ஒருவர், “இவங்களுக்குக் குடுத்தா நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாங்க,” என்றார். அண்ணன் அதைக் கையில் சொன்னான்.

“கேக்கட்டும். என்னை மாதிரி காரணத்தோட வந்தா குடுங்க. வெறும் ஆசைன்னா மறுத்துடுங்க. அதுக்குத்தானே சங்கம்?”

 செயலாளர் அம்மா முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். அவள் வரைந்த படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நிறம் மாறலை, வரிசை மாறலை. சுவரைத் தாண்டி ஒரு விரல்கூட வெளியே வரலை. எனக்குச் சம்மதம்,” என்றார். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. தலைவர் தீர்மானத்தை வாசித்தார்: “மனிதாபிமான அடிப்படையில், இரக்கத்தின் பேரில், இந்த அனுமதி வழங்கப்படுகிறது.” அண்ணன் அதையும் கையில் சொன்னான்.

கைத்தட்டல் எழுந்தது. அண்ணனுக்கு முகமெல்லாம் பல். ஆனால் தங்கை உட்காரவில்லை.

“அந்த வரியை எடுக்கச் சொல்லு.”

“எந்த வரியை?”

“இரக்கத்தை.”

அண்ணன் சபைக்குத் தெரியாமல் கையை இடுப்பளவில் வைத்துக் கெஞ்சினான்: “கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போயிடும். வாங்கிட்டு வாம்மா, போயிடலாம்.”

“நீ குழாய்,” என்றாள் அவள்.

அவள் கைகள் அசைய, அவன் குரல் கொடுத்தான். “ஐயா, இரக்கம்கிறது ஆளுக்கு ஆள் மாறும். நாளைக்கு வேற தலைவர் வந்தா, அவருக்கு இரக்கம் வரலைன்னா, என் சுவரை மூடச் சொல்வார். காரணம் அப்படி மாறாது. எனக்குப் பின்னாடி இந்த வரிசைக்கு வர்ற இன்னொருத்தி உங்க முன்னாடி கண்ணைக் கசக்கக் கூடாது. படம் சரியா இருக்கு, விதியை மீறலை, தேவை இருக்கு. அதை எழுதுங்க. அது போதும்.”

தன் குரலில் வந்த வார்த்தைகளைக் கேட்டு அவனே நிமிர்ந்து நின்றான். ஆயிரம் பேரிடம் பேசி விற்றிருக்கிறான். இப்படி ஒரு பேச்சு அவன் வாயிலிருந்து வந்ததில்லை. அது தன்னுடையது இல்லை என்பதே அவனுக்குப் பெருமையாக இருந்தது.

தலைவர் முகம் சிவந்தது. செய்த உதவியைத் திருப்பி முகத்தில் எறிந்ததுபோல் அவருக்குப் பட்டிருக்கும். பேனாவை எடுத்தார். பிறகு அந்த வரியை அடித்தார். அவள் சொன்னதை எழுதி, மீசையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். அவள் கைகூப்பினாள். இந்த முறை தட்டியவர்கள் அவள் கண்ணில் படும்படி கைகளை உயர்த்தித் தட்டினார்கள்.

அடுத்த மாதமே கண்ணாடி வந்தது. பதித்த மறுநாள் காலை, கணவன் வேலைக்குக் கிளம்பினான். கதவைச் சாத்திப் படியிறங்கியவன் ஏதோ நினைவு வந்து திரும்பினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, “சாயங்காலம் சீக்கிரம் வரமாட்டேன்,” என்றான்.

இந்தப் பக்கத்திலிருந்து, “நேத்தும் இதைத்தான் சொன்னே,” என்றாள்.

“பேக்கரி அடுப்பு சூடு ஆற வேண்டாமா?”

“அடுப்புக்கு நீதான் தாலி கட்டியிருக்கியா?”

கதவு பூட்டியிருந்தது, சண்டை தடையில்லாமல் நடந்தது. கைகள் பறந்தன, புருவங்கள் ஏறி இறங்கின. கடைசியில் இருவரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த வீட்டுப் பெண் வாசலைப் பெருக்குவதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எதற்கோ தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இருங்க, வரேன்!” என்று அவளும் கத்தினாள். பிறகு துடைப்பத்தோடு பல்செட்டுக்காரியின் கண்ணாடி முன் வந்து நின்று, அதைச் சுட்டிக் காட்டி, தன் வீட்டுச் சுவரைச் சுட்டிக் காட்டி, ‘எனக்கும் ஒண்ணு வேணும்’ என்பதுபோல் நெஞ்சில் தட்டிக்கொண்டாள்.

பல்செட்டுக்காரி உள்ளேயிருந்து கேட்டாள்: “காரணம்?”